காட்சிக்கு மட்டும்

மூன்றாம் நாள் காலை
தூக்குவாளியோடு கடைக்குப் போனேன்.
மூடியைத் திறந்ததும்
பவுன்ராஜ் அண்ணன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்.
"என்னத்தா இது?"
"நீங்க வித்த பிரிட்ஜு."

உசிலம்பட்டி, பேரையூர் ரோட்டில்
உரக்கடைக்கும் அடகுக்கடைக்கும் நடுவே அவர் கடை.
சீர்சாமான் எடுக்க வருகிறவர்களுக்குக்
கலர் வாங்கிக் கொடுப்பார்.
வாங்கிய அன்று எனக்கும் கொடுத்தார்.
ஆரஞ்சு. பல் கூசுகிற கூலிங்.

ராத்திரி அரைத்து வைத்த பதினாலு கிலோ
பொங்கி, வழிந்து,
காய்கறித் தட்டுவரை இறங்கி,
கதவு ரப்பரில் காய்ந்து கிடந்தது.
உள்ளே லைட்டு மட்டும் ஜோராய் எரிகிறது.
வெளிச்சத்துக்கா தவணை கட்டுகிறேன்?

ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார்.
"ஊத்தப்பத்துக்கு ஆகும்."
நான் சிரிக்கவில்லை.
அப்புறம்தான் அந்த அட்டையைத் தேடியெடுத்து
பின்பக்கத்து நம்பரைப் போட்டு
ஸ்பீக்கரில் வைத்தார்.

பாட்டு.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்.
மறுபடி பாட்டு.
எங்கள் அழைப்பு முக்கியமாக இருந்துகொண்டிருக்கையில்
இரண்டு பேர் வந்து மிக்ஸி விலை கேட்டுவிட்டுப் போனார்கள்.

பிறகு ஒரு பெண்குரல்,
இஸ்திரி போட்ட தமிழ்:
"வணக்கம், தங்களுக்கு நான் எவ்வாறு உதவலாம்?"
மாடல் நம்பர் சொன்னேன். பின்கோடு கேட்டது.
ஆறு ரெண்டு அஞ்சு, அஞ்சு மூணு ரெண்டு.
"அருகில் அடையாளம் ஏதேனும்?"
"சந்தைக்குப் பின்னாடி ரைஸ்மில் சந்து.
மாவு விக்கிற விருமாயி வீடுன்னா சொல்வாக."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
"தண்ணித்தொட்டி இருக்குமே, அந்தச் சந்தாக்கா?"
"ஆமத்தா! நீ எந்த ஊரு?"
"ஏழுமல..."
அதோடு நின்றது குரல்.
"தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது.
தங்கள் பொறுமைக்கு நன்றி."
அவள் முதுகுக்குப் பின்னால்
யாரோ வந்து நின்றிருக்க வேண்டும்.

மெக்கானிக் மதுரையிலிருந்து வரணும்.
இந்தப் பக்கம் நாலு புகார் சேர்ந்தால்தான்
வண்டி கிளம்புமாம்.
இன்னும் மூன்று வீட்டில் ஏதாவது கெட்டுப்போக வேண்டும்.

"அதுவரைக்கும் என் மாவு?"
அண்ணன் கடையை ஒரு சுற்றுப் பார்த்தார்.
முகப்பில் நின்ற இரட்டைக் கதவுப் பெட்டியைத் திறந்தார்.
நெற்றியில் 'காட்சிக்கு மட்டும்'.
உள்ளே பிளாஸ்டிக் ஆப்பிள், பிளாஸ்டிக் திராட்சை,
தெர்மாக்கோலில் ஒரு கேக்.
கேக்கைத் தூக்கிக் கல்லாமேல் வைத்துவிட்டுப்
பிளக்கைச் சொருகினார்.

பதினோரு நாள்.
டி.வி. பார்க்க வந்தவர் அரைக்கிலோ வாங்கினார்.
கிரைண்டர் எடுக்க வந்த கருமாத்தூர்ப் பொண்ணு
பாக்கெட்டை அமுக்கிப் பார்த்து
ரெண்டு வாங்கிக்கொண்டு
கிரைண்டர் வேண்டாமென்று போய்விட்டாள்.
அப்போது அண்ணன் என்னைப் பார்த்த பார்வை
எந்த வாரண்டியிலும் வராது.

பன்னிரண்டாம் நாள் மெக்கானிக் வந்தான்.
பின்புறம் ஒரு வயர், ஒரு சின்னக் கறுப்புச் சாமான்.
நாலு நிமிஷம்.
தண்ணிகூடக் குடிக்கவில்லை, அடுத்தது செக்கானூரணி.

சாயங்காலம் போன். வேறு குரல், ஆண்.
"எங்கள் சேவைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண்?"
"முன்ன பேசுச்சே ஒரு புள்ள, அதுக்கா?"
"ஒட்டுமொத்த சேவைக்கு, மேடம்."
"அந்தப் புள்ளைக்குப் பத்து.
மத்ததுக்கு நீங்களே போட்டுக்கங்க."
அப்படிப் போடக் கட்டம் இல்லையாம்.

கடைசித் தவணையில்
முந்நூற்று முப்பது குறைத்துக் கொடுத்தேன்.
அந்தப் பதினோரு நாளும் கடை அடைக்கும்போது
வீட்டுக்கு ஒரு பாக்கெட் எடுத்துப் போனார்.
அவர் எழுதவில்லை.
நான் எழுதி வைத்திருந்தேன்.

இரண்டு தரம் எண்ணினார்.
முகப்புப் பெட்டியைப் பார்த்தார்.
கரண்ட் பில் ஞாபகம் வந்திருக்கும்.
எனக்கும் வந்தது.
இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு
கடைப் பையனிடம்
"அக்காவுக்கு ஒரு கலர் வாங்கியாடா" என்றார்.

கூலிங் பத்தவில்லை.
குடித்தேன்.